மார்கழிச் சந்தையும் விட்டுப்போன பொட்டும்

என் வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்குகிறது. ஐந்தடி அகலம், மூன்றரை அடி உயரம். மார்கழிக் கடைசியில் தென்காசிக் கோவில் வாசலில் பொங்கலுக்காகக் கூடும் சந்தையை வரைந்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கோபுரத்தைப் பார்ப்பார்கள். பிறகு கரும்புக் கட்டுகளை, ஆட்களை, மாட்டு வண்டியை. கடைசியில் படத்தின் நடுவே இருக்கும் வெள்ளைத் திட்டைக் காட்டி, "ஓதம் அடிச்சிட்டோ சார்வாள்?" என்று கேட்பார்கள். ஆமாம், சுவரின் ஈரம் ஏறிய ஓதம்தான் என்று சொல்லிவிடுவேன். எத்தனையோ வருஷமாக இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓதம் இல்லை. அந்த இடத்தில் என் மகள் இருந்தாள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். டிராயிங் மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்தில் யாரும் மதிக்காத ஆள். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் என் வகுப்பைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார். நாடகத்துக்குத் திரை எழுதவும், அமைச்சர் வந்தால் வளைவு கட்டவும் மட்டும் என்னைத் தேடுவார்கள். அதனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு வீம்பு உண்டு. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இந்த ஊர் வாயைப் பிளந்து நிற்கும்படி ஒரு படம் போடவேண்டும் என்று இருந்தேன்.

அதற்கு ஏற்ற இடம் கண்ணெதிரிலேயே இருந்தது. பொங்கலுக்கு முந்தைய பத்து நாளும் கோவில் முன்னால் கால் வைக்க இடம் இருக்காது. சுரண்டைப் பக்கத்திலிருந்து சிறுகிழங்கு மூட்டை மூட்டையாக வரும். குத்துக்கல்வலசைப் பெண்கள் பொங்கல் அடுப்புக்குக் காய்ந்த பனையோலையைக் கட்டித் தலையில் கொண்டுவருவார்கள். செங்கோட்டையிலிருந்து நேந்திரங்குலை கொண்டுவரும் ஒருவர் பாதி மலையாளத்தில் விலை சொல்வார், பாதித் தமிழில் சண்டை போடுவார். மண்பானை, மஞ்சள் குலை, காவிக்கட்டி, கரும்பு. காலை எட்டு மணி வரைக்கும் பனி விலகாது. ஆண்கள் துண்டைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பின்னால் குற்றாலத்து மலை நீலமாக, பாதி மேகத்துக்குள் இருக்கும். இவ்வளவுக்கும் மேலே எங்கள் மொட்டைக் கோபுரம்.

அந்தக் கோபுரம் அப்போது உடைந்துதான் கிடந்தது. இடி விழுந்து பிளந்தது என்று சொல்வார்கள். நான் பார்த்த நாளிலிருந்து அது இரண்டாகப் பிளந்து, இடுக்கில் செடி முளைத்து, உச்சி இல்லாமல் நின்றது. கோவில் எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சியின் கடைப்படியில் உட்கார்ந்துதான் நான் தினமும் காலையில் பென்சிலால் வரைவேன். படம் முடிந்ததும் தன் கடையில் மாட்டவேண்டும் என்று சொல்லி, துணியும் சட்டமும் அவரே வாங்கித் தந்திருந்தார். நல்ல மனுஷர். ஆனால் யோசனை சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"சார்வாள், கோவுரத்த முழுசாப் போட்டுருங்களேன். கொத்தனாருக்குக் கூலியா குடுக்கப் போறிய? ரெண்டு இழுப்பு இழுத்தா அது பாட்டுக்கு நின்னுட்டுப் போவுது."

"இருக்கிறதைத்தான் போடுவேன் அண்ணாச்சி."

"அது சரி. ஒங்க வாய்க்கு யாரு பதில் சொல்ல."

இருக்கிறதைத்தான் போடுவேன். இதை நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சொல் பின்னால் என்னையே வந்து அறையும் என்று அப்போது தெரியாது.

ஒருநாள் காலை என் மனைவி மஞ்சள் குலை வாங்க வந்தாள். இடுப்பில் மகள். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. அம்மா விலை கேட்டுக்கொண்டிருக்க, அவள் அம்மாவின் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். நான் உட்கார்ந்திருந்த பக்கம். எனக்கும் அவளுக்கும் நடுவே கரும்பு வண்டி. வண்டியில் பூட்டியிருந்த காளை ஆள் உயரத் திமிலோடு அசையாமல் நின்றது. வண்டிக்காரர் அதட்டிப் பார்த்தார், வாலை முறுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. இவள் ஒரு கையை நீட்டி, பெரிய மனுஷி மாதிரி, "ஏலே, இங்கன வாலே!" என்று ஒரு சத்தம் போட்டாள். காளை நகர்ந்தது. அதற்கே தோன்றி நகர்ந்ததோ என்னவோ. சந்தை ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. கிழங்குக்காரர், பனையோலைப் பெண்கள், நேந்திரங்குலைக்காரர், வண்டிக்காரர் எல்லாரும் பேரத்தை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பனிக்குள்ளிருந்து அப்போதுதான் வந்த வெயில் அவள் கன்னத்தில் விழுந்தது.

என் படம் எனக்குக் கிடைத்துவிட்டது.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆயிற்று வரைந்து முடிக்க. மனைவியை முதுகுப்பக்கமாகவே போட்டேன். குடும்பத்துப் பெண்ணின் முகத்தைக் கடையில் மாட்ட எனக்கு அன்றைக்கு மனம் இல்லை. அவள் தோளுக்கு மேலே மகளின் முகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அம்மாவின் கழுத்தில் அவள் விரல்கள், அம்மாவின் இடுப்புக்குக் கீழே தண்டை போட்ட ஒரு சின்னப் பாதம். அவளைச் சுற்றிப் பதினான்கு பேர், பதினான்கு பேரும் அவளையே பார்க்கிறார்கள். படத்தில் மற்ற இடமெல்லாம் பனியின் சாம்பல் நிறம். வெயில் பட்ட இடம் அந்தக் கன்னம் ஒன்றுதான். அது சரியாக வந்தபோது நானே எழுந்து நின்று என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

வீட்டில் படத்தை முழுதாக முதலில் பார்த்தவள் மனைவி. கோபுரத்திலிருந்து பிள்ளை வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "ஒடஞ்ச கோவுரத்த ஒடஞ்சபடியே போட்டுட்டிய. பிள்ளை கன்னத்துப் பொட்ட மட்டும் ஏன் விட்டிய?" என்றாள்.

உண்மைதான். தினமும் காலையில் மனைவி பிள்ளையைக் குளிப்பாட்டியதும் அதன் வலது கன்னத்தில் மையால் ஒரு கறுப்புப் பொட்டு வைப்பாள், கண்ணேறு படாமல் இருக்க. பயறு அளவுக்கு இருக்கும். சந்தைக்கு வந்த அன்றும் அது இருந்தது. நான்தான் விட்டுவிட்டேன். இருக்கிறதைத்தான் போடுவேன் என்று சொன்ன ஆள், அந்தப் படத்தில் வேண்டுமென்றே விட்டது அது ஒன்றைத்தான். அவ்வளவு அருமையாக வந்த வெயிலில் கறுப்பு வைக்க எனக்கு மனசில்லை.

"படத்துக்கு எதுக்குட்டி பொட்டு?" என்றேன்.

"எத்தன பேரு அவளப் பாக்காவ, பாருங்க. அண்ணாச்சி கடையில மாட்டினா ஊரே பாக்கும். ஒரு பொட்டுத்தான. நீங்க வைக்காட்டா நா வைக்கட்டுமா?"

"தொட்டியோ, கைய ஒடிச்சிருவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"படத்துல உயிர் இருக்குன்னு குத்தாலத்துல நீங்கதான சொன்னிய."

சொல்லியிருந்தேன். கல்யாணமான புதிதில் அவளைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போய்ச் சித்திர சபையில் நிறுத்தி ஒரு பிரசங்கம் செய்தேன். மற்ற ஊர்களில் சாமி கல்லிலும் செம்பிலும் இருப்பார், இங்கே ஆடுகிற சாமி படமாகவே இருக்கிறார், அந்தப் படத்துக்குத்தான் பூசை, அந்தப் படத்துக்குத்தான் தீபாராதனை, படம் என்றால் வெறும் சாயம் என்று நினைக்காதே, அதற்கு உயிர் உண்டு. புதுப்பெண்டாட்டி முன்னால் டிராயிங் மாஸ்டரின் தொழிலை உயர்த்திக் காட்டச் சொன்னது அது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். சொன்ன நான் அதை நம்பவில்லை. கேட்ட அவள் நம்பினாள்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். பிள்ளையை ஒருதடவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் ஒரு போட்டோ எடுத்துவைப்போமே என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஒருத்தன் கை நிறைய வண்ணத்தோடு வீட்டில் இருக்கும்போது, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்கிற ஆளிடம் என் மகளைக் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டுமா என்று கத்தினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கார்த்திகையில் படம் அண்ணாச்சி கடைக்குப் போயிற்று. நான் ஆசைப்பட்டபடியே ஊர் வாயைப் பிளந்தது. துணி வாங்க வந்தவர்களைவிடப் படத்தில் தங்களைத் தேட வந்தவர்கள்தான் அதிகம். கிழங்குக்காரர் தன்னைக் கண்டுபிடித்துவிட்டு, "மூக்கக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம் சார்வாள்" என்றார். நேந்திரங்குலைக்காரர் தன் ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து காட்டினார். எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது பிள்ளையிடம்தான். "இது நம்ம சார்வாள் பிள்ளைலா. எம்புட்டு வடிவா இருக்கு!" என் மனைவி ஒருநாள் சேலை வாங்கப் போனவள் வாங்காமலே திரும்பி வந்தாள். படத்துப் பிள்ளையைப் பார்த்து நாலு பெண்கள் பெருமூச்சு விட்டார்களாம். நான் சிரித்தேன்.

மார்கழி மூன்றாம் வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். பனிக்காலத்துச் சளி என்று நினைத்தோம். இரண்டாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. குரல் போய்விட்டது. காளையை அதட்டிய குரல் அது. டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, தொண்டை அடைப்பான் என்றார். அதற்கான ஊசிமருந்து தன்னிடம் இல்லை, திருநெல்வேலியிலிருந்து வரவேண்டும், ரயிலில் ஆள் அனுப்புகிறேன், மறுநாள் காலையில் வந்துவிடும் என்றார். காத்திருப்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மிளகாய் வற்றலும் கல்லுப்பும் முச்சந்தி மண்ணும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் எரிந்தால் நெடி வரவேண்டும். வராவிட்டால் கண்பட்டிருக்கிறது என்று கணக்கு. அழுது அழுது அவளுக்கு மூக்கு அடைத்திருந்தது. "நெடி வருதா?" என்று என்னைக் கேட்டாள். வரவில்லை என்றேன். எனக்கு ஒரு வாரமாக ஜலதோஷம், மல்லிகைப் பூவை மூக்கில் வைத்தாலும் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அவள் என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் படத்துல அத்தன பேரும் ராப்பகலா அவளையே பாக்காவ. இமைக்கக்கூட மாட்டாவ. அவங்க கண்ணத் திருப்பிருங்க. வேற எங்கயாவது பாக்கட்டும். கரும்பப் பாக்கட்டும், மாட்டப் பாக்கட்டும்."

"பொட்டு வச்சிருதேன்."

"இனிமே பொட்டு காணாது. பட்டாச்சு. கண்ணத் திருப்புங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

நான் கடைக்குப் போனேன். முற்பகல் பத்து மணி. வெளியே பொங்கல் சந்தை. போன வருஷத்தைப் போலவே கிழங்கும் ஓலையும் கரும்பும் வந்து குவிந்திருந்தன. நான் நம்பினேனா என்று பிற்பாடு பலதடவை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்பினேன். மருந்து திருநெல்வேலியில் இருந்தது, டாக்டர் கையை விரித்திருந்தார், என்னால் செய்யக்கூடியதாக அந்த ஒரு வேலைதான் உலகத்தில் மிச்சம் இருந்தது. சித்திர சபையில் நான் அளந்தது எல்லாம் அன்றைக்கு எனக்கு வேதமாகிவிட்டது.

படத்தின் முன்னால் நின்று கணக்குப் போட்டேன். பதினான்கு பேர், இருபத்தெட்டுக் கண்கள். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, கழுத்தையும் திருப்பவேண்டும். ஆயில் வண்ணம் காய வேறு வேண்டும். மூன்று நாளாவது ஆகும். பிள்ளைக்கு மூன்று நாள் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் பார்ப்பதை எடுத்துவிட்டால் பார்வை தானாகப் போய்விடும் என்று எனக்குப் பட்டது. அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

இதை மனைவி சொல்லவில்லை. இந்த யோசனை என்னுடையது.

வண்ணம் வழிக்கிற கத்தியை எடுத்து மகளின் முகத்தில் வைத்தேன். மாசக்கணக்கில் காய்ந்த வண்ணம், எளிதில் வரவில்லை. அழுத்திச் சுரண்டினேன். கன்னம்தான் முதலில் போயிற்று, அங்கேதான் வண்ணம் தடிமனாக இருந்தது. சிரிப்பு, கண், நெற்றி, முடி, நீட்டிய கை, கவுன். கடையில் பேச்சு நின்றுவிட்டது. அண்ணாச்சி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "சார்வாள், என்ன காரியம் பண்ணுதிய! பெத்த பிள்ளைய!" அவர் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன். அதனால் அம்மாவின் கழுத்தில் இருந்த விரல்களும் இடுப்புக்குக் கீழே தொங்கிய பாதமும் தண்டையோடு தப்பிவிட்டன.

வீட்டுக்கு வந்து, பிள்ளையை வரைந்திருந்த பென்சில் தாள்களையும் தேடி எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். எந்த வேலையையும் பாதியில் விடாத ஆள் நான்.

மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "திருப்பிட்டியளா? அதுக்குள்ளயா? அத்தன பேரையுமா?"

"பிள்ளைய எடுத்துட்டேன்" என்றேன்.

அவள் பிள்ளையை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை வரை நான் இருந்த பக்கம் திரும்பவில்லை.

மருந்து மறுநாள் காலையில் வந்தது. ஊசி போட்டார்கள். மத்தியானம் என் மகள் அடங்கிவிட்டாள். மூன்றரை வயது.

சிறு பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, சிற்றாற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். நானே கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். போகிற வழி சந்தைக்குள்ளாகத்தான். சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. கிழங்குக்காரர் தராசைக் கீழே வைத்தார். பனையோலைப் பெண்கள் கட்டை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நேந்திரங்குலைக்காரர் தலைத்துண்டை அவிழ்த்தார். நான் படத்தில் போட்டிருந்த ஆட்கள் முக்கால்வாசிப்பேர் அங்கே இருந்தார்கள். விலை பேசுவதை விட்டுவிட்டு எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் என்ன குற்றம் இருந்தது? நான் வரைந்தபடிதான் நின்றார்கள், சிரிப்பு மட்டும் இல்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. கண்பட்டுத்தான் போயிற்று என்று பாதி ஊர். அப்பனே சுரண்டி எடுத்தால் பிள்ளை எப்படித் தங்கும் என்று மீதி ஊர். இரண்டும் என் காதில் விழுந்தன. மனைவி காதிலும் விழுந்திருக்கும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவள் கேட்டதால்தான் நான் கடைக்குப் போனேன் என்று அவள் நினைத்து வெந்திருப்பாள். அவள் கேட்டதைச் செய்யாமல் வேறொன்றைச் செய்தேன் என்று நான் வெந்துகொண்டிருந்தேன். ஒருவரிடம் ஒருவர் சொல்லியிருந்தால் பாரம் பாதியாகியிருக்கும். இருவருக்கும் தைரியம் இல்லை.

அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. தெருவில் குலவைச் சத்தம் கேட்டபோது இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்திருந்தோம். மறுவாரம் அண்ணாச்சி படத்தைப் புது வேட்டியில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "இத எங்கடையில வச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல சார்வாள்" என்றார். நான் வேட்டியை அவிழ்க்காமலே அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தேன்.

தை அமாவாசைக்குக் குற்றாலம் போனோம். அருவி மெலிந்திருந்தது. மூன்றரை வயதுக்குத் தர்ப்பணம் எதுவும் கிடையாது என்றார் அங்கிருந்த ஐயர். சரி, குளித்துவிட்டாவது வருவோம் என்று குளித்தோம். வெளியே வந்தபோது, வழக்கம்போலச் சித்திர சபைப் பக்கம் திரும்பினேன். மனைவி ஈரச் சேலையோடு பஸ் நிற்கும் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை குற்றாலம் போயிருக்கிறோம். அவள் அந்த மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மகன் பிறந்தான். அவனை வருஷம் தவறாமல் ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மொட்டைத் தலையோடு, குதிரை பொம்மையோடு, நிஜார் போட்டு என்று ஒரு பெட்டி நிறையப் போட்டோ இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அவன் கன்னத்தில் பொட்டு இருக்கும். நானே கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் போட்டோக்காரரைத் துணிக்குள் விடுவேன்.

அறுபதுகளின் நடுவில் வீடு மாறினோம். சாமான் ஏற்றும்போது படத்தைச் சுற்றியிருந்த வேட்டி அவிழ்ந்துவிட்டது. பத்து வருஷத்துக்குப் பிறகு அதைப் பார்த்தேன். கோபுரம் இருந்தது, மலை இருந்தது, பனி இருந்தது. முதுகைக் காட்டி நிற்கும் என் மனைவி ஒன்றுமில்லாததை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் நாலு விரல், கீழே ஒரு பாதம். சுற்றிப் பதினான்கு பேர் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். என் மகளை எனக்குத் தெரியாதா?

புது வீட்டு முன்னறையில் படத்தைச் சாய்த்துவைத்து, கோடை விடுமுறை முழுவதும் வேலை செய்தேன். முதல்தடவை முகம் வந்ததும் மனைவியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "நம்ம பயலுக்குக் கவுன் மாட்டின மாதிரி இருக்கு" என்றாள். பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. வழித்து எடுத்தேன். இரண்டாம் தடவை இன்னும் கவனமாக, ஒரு மாதம் எடுத்துக்கொண்டு போட்டேன். வெயிலும் சிரிப்பும் பழையபடியே வந்தன. அழகான முகம். பெருமையாகக்கூட இருந்தது.

மனைவி வந்து நின்று பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். பிறகு உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்: "யாரு பிள்ளை இது?"

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். "எனக்கு ஞாபகம் இல்லட்டி" என்றேன். "அவ சத்தம் மட்டும் காதுல இருக்கு. 'ஏலே, இங்கன வாலே'ன்னு. முகம் வரமாட்டேங்குது. நீ சொல்லு. மூக்கு எப்படி இருக்கும்? புருவம்? நீ சொல்லச் சொல்ல நான் போடுதேன்."

 அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

"எனக்கும் மறந்துட்டு. ரொம்ப நாளாச்சு மறந்து. கண்ண மூடினா பய மொகம்தான் வருது. நீங்க படம் போடுதவங்க, ஒங்களுக்கு மறக்காதுன்னு நா இருந்துட்டேன்."

நானும் அப்படித்தான் இருந்திருந்தேன். பெற்றவளுக்கு மறக்காது என்று இருந்திருந்தேன். பத்து வருஷம் இரண்டு பேரும் அடுத்தவரிடம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த முகம், இரண்டு பேரிடமும் இல்லை.

அன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். பிள்ளை போன அன்றுகூட ஆளுக்கு ஒரு மூலையில்தான் அழுதிருந்தோம். கடையில் என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தேன் என்று எல்லாம் சொன்னேன். நெடி வரவில்லை என்றபோது ஜலதோஷத்தில் என் மூக்கு அடைத்திருந்ததையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்து எழுந்து, அந்த யாரோ பிள்ளையின் முகத்தைத் துணியால் துடைத்து எடுத்தேன். திரும்பவும் வெள்ளை. பிறகு சின்ன பிரஷை எடுத்து, கிழங்குக்காரரின் கண்ணருகே கொண்டுபோனேன்.

"என்ன செய்யப் போறிய?"

"நீ அன்னைக்குச் சொன்னதத்தான். கண்ணத் திருப்பப் போறேன். பதினாலு பேரையும். எத்தன நாளானாலும் சரி."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அன்றைக்கு அண்ணாச்சி பிடித்த இடத்திலேயே. "வேண்டாம், விடுங்க" என்றாள். "நமக்குத்தான் அவளத் தெரியல. அவங்க இன்னமும் அவளப் பாத்துக்கிட்டுத்தான இருக்காவ. அவங்களாவது பாக்கட்டும்."

நான் பிரஷைக் கீழே வைத்தேன். அவர்கள் பதினான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லார் முகத்திலும் அந்தச் சிரிப்பு இருந்தது. அவள் எப்படி இருந்தாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மனைவி எழுந்து உள்ளே போய் மைச்சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள். படத்துக்கு முன்னால் நின்று, ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவள் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து, விரலில் மையைத் தொட்டு, யோசிக்காமல் அந்த வெள்ளையில் ஓர் இடத்தில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அம்மாவின் கழுத்தில் இருக்கும் விரல்களுக்கும், கீழே தொங்கும் பாதத்துக்கும், அவர்கள் பதினான்கு பேரின் பார்வைக்கும் அது சரியாக இருந்தது. வலது கன்னம் அங்கேதான் இருந்தது.